நாங்கள் போகாத ஊரின் மதியச் சாப்பாடு

பிரான்ஸ் நாட்டில் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று யாராவது கேட்டால் என்னால் அரை மணி நேரம் பேச முடியும். எந்தத் தட்டு முதலில் வரும், ரொட்டியை எங்கே வைக்க வேண்டும், சீஸை எந்தப் பக்கத்திலிருந்து வெட்ட வேண்டும், காப்பி எப்போது வரும், எல்லாம் தெரியும். அந்த நாட்டுக்கு நான் போனதில்லை. என்னோடு சேர்ந்து இதையெல்லாம் படித்த மற்ற ஏழு பேரும் போகவில்லை. யாரும் என்னிடம் கேட்பதுமில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஒரகடம் ரோட்டில் ஒவ்வொரு கம்பெனியாகக் காம்பவுண்டுச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த நேரம். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து டிப்ளமோ சர்டிபிகேட்டோடு வந்த நான், காருக்குப் பாகங்கள் செய்கிற ஒரு பிரெஞ்சுக் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். படப்பையில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். ஒருவன் எழுந்து ஷிஃப்டுக்குப் போனால் அவன் பாயில் இன்னொருவன் படுப்பான். சாப்பாடு கம்பெனி கேண்டீனில். இடைவேளை இருபது நிமிஷம். கை கழுவ வரிசை, தட்டு எடுக்க வரிசை, சோறு வாங்க வரிசை. மீதி இருக்கிற நேரத்தில் விழுங்கிவிட்டு லைனுக்கு ஓடுவோம். மென்று சாப்பிடுகிறவனைப் பார்த்தால் சூப்பர்வைசருக்குச் சந்தேகம் வரும்.

அப்படிப்பட்ட இடத்தில்தான் ஒரு நாள் எட்டுப் பேரைக் கூப்பிட்டு, நீங்கள் ஆறு மாதம் பிரான்ஸ் போகிறீர்கள் என்றார்கள். அங்கே ஒரு பெரிய மெஷின் லைன் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை இங்கே கொண்டுவரப் போகிறார்கள், நீங்கள் போய் அதை ஓட்டக் கற்றுக்கொண்டு அதோடு திரும்பி வர வேண்டும் என்றார் எச்.ஆர். மேனேஜர். வந்த பிறகு எட்டுப் பேரும் பெர்மனென்ட். இதற்கு முன்னால் வேறொரு நாட்டுக்கு அனுப்பிய ஆட்கள் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பாதியில் திரும்பி வந்துவிட்டார்களாம். அதனால் இந்த முறை பாஷையோடு சேர்த்துச் சாப்பாட்டுக்கும் வகுப்பு. சனிக்கிழமைதோறும் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்ததும், கேண்டீனுக்குப் பின்னால் இருந்த டிரெய்னிங் அறையில்.

எட்டுப் பேரில் எனக்கு நெருக்கமானவர் ஒரகடத்து அண்ணன். உள்ளூர்க்காரர். அவர்கள் குடும்பத்து நிலம் கம்பெனிகளுக்காக எடுக்கப்பட்டது. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்ற கணக்கில் உள்ளே வந்தவர். ஐ.டி.ஐ. படித்திருந்தார். மெஷின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்கிற அளவுக்குத் தொழில் கைவந்திருந்தது. இருந்தும் அவரும் இன்னும் டிரெய்னிதான். மனைவி, ஆறு வயதில் ஒரு மகள், வயதான அப்பா. பிரான்ஸ் போகிற செய்தி எங்களுக்கெல்லாம் ஒரு அதிர்ஷ்டம். அவருக்கு அது போன நிலத்துக்கு வந்த பதில்.

வகுப்பெடுக்கப் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு மேடம் வந்தார். எங்களைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். கல்யாணமாகி பிரான்ஸில் சில வருஷம் இருந்துவிட்டு, தனியாகத் திரும்பி வந்தவர். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முதல் நாள் ஒரு பெட்டியிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து மேசையில் விரித்தார். தட்டு, முள்கரண்டி, கத்தி, கண்ணாடித் தம்ளர் எல்லாம் எடுத்து வைத்தார். மெஷின் கிரீஸ் கறை போகாத எங்கள் கைகளை அந்தத் துணிமேல் வைக்கச் சொன்னார்.

"ரெண்டு கையும் மேசை மேல தெரியணும். மடியில வெச்சிக்கக் கூடாது."

நாங்கள் பரீட்சை எழுதப் போகிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். அவர் சொல்லிக்கொண்டே போனார். காலையில் ரொட்டித் துண்டில் வெண்ணெய், ஜாம் தடவி, கிண்ணம் நிறையக் காப்பியில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். மத்தியானம் முதலில் சின்னதாக ஏதாவது வரும், பச்சைக் காய்கறியோ முட்டையோ. அது முடிந்து தட்டை எடுத்த பிறகுதான் பெரிய பதார்த்தம். பிறகு சீஸ். பிறகு இனிப்பு. எல்லாம் முடிந்த பிறகு ஒரு சின்னக் கோப்பையில் பாலில்லாத காப்பி. ரொட்டி எப்போதும் உண்டு. அதைத் தட்டில் வைக்காமல் துணிமேல் வைத்துக்கொள்வார்கள், கத்தியால் வெட்டாமல் கையால் பிய்ப்பார்கள். வீட்டுக்கார அம்மா எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. முக்கியமாக, பேச வேண்டும்.

"மொத்தமா எம்மாம் நேரம் ஆவும் மேடம்?" என்று கேட்டார் ஒரகடத்து அண்ணன்.

"ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு, மூணு மணி நேரம்."

"இன்னா மேடம் நீங்க, அதுக்குள்ள அர ஷிஃப்டு பூடுமே!"

மேடம் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தோம்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து சீஸ் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்ததும் ஜன்னல் பக்கம் இருந்த இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். அது முக்கோண வடிவத்தில் வெண்ணெய்போல இளகிக் கிடந்தது. அதன் மூக்கை வெட்டி எடுத்துக்கொள்வது அங்கே பெரிய அநாகரிகம், நடுவில் இருக்கிற நல்ல பகுதியை ஒருத்தரே தின்றுவிட்டதாக அர்த்தம், ஓரத்தோடு சேர்த்து நீளவாக்கில்தான் வெட்ட வேண்டும் என்று காட்டினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எங்க ஊட்டு மாட்டுக் கொட்டாய்ல மழை பேஞ்சா இப்பிடித்தான் வரும்" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தோம். ஆனால் முதலில் வாயில் போட்டவர் அவர்தான். கண்ணில் நீர் வந்தது. விழுங்கிவிட்டு, "இத துன்னாத்தான் மிஷின தொட வுடுவாங்களா?" என்றார்.

"துன்னாத்தான் பக்கத்துல உக்கார வெப்பாங்க" என்று மேடமும் அவர் பாணியிலேயே சொன்னார்.

கறி பற்றி மேடம் எதையும் மறைக்கவில்லை. மாடு அதிகம், பன்றி அதைவிட அதிகம், முயல் உண்டு, நத்தை உண்டு. அண்ணனுக்கு முகம் மாறியது. எங்களில் மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் மட்டும் மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "நான் இதைச் சாப்பிடுவதில்லை, நன்றி" என்பதை பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று மேடம் சொல்லிக்கொடுத்தார். எட்டுப் பேரும் கோரஸாகச் சொன்னோம். இன்றைக்கும் எனக்குத் தடுமாறாமல் வருகிற பிரெஞ்சு வாக்கியம் அது ஒன்றுதான்.

அண்ணன் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். போனால், ஷாமியானாக் கடையிலிருந்து பிளாஸ்டிக் மேசையும் நாற்காலிகளும் கொண்டுவந்து கூடத்தில் போட்டிருந்தார். மேசைமேல் ஒரு வேட்டி விரித்திருந்தது.

"வாங்க தம்பி. ஒங்க அண்ணனுக்கு ஒரு வாரமா இதே பேச்சுத்தான்" என்றார் அண்ணி. பாத்திரங்களை அடுக்கிவிட்டு வழக்கம்போல் கரண்டியோடு ஓரமாக நின்றார்.

"நீயும் உக்காரு" என்றார் அண்ணன்.

"எல்லாரும் உக்காந்துட்டா யாரு போடறது?"

"எல்லாத்தயும் மேச மேல வெச்சாச்சு இல்ல. வேணுங்கறத அவுங்கவுங்க எடுத்துக்கணும். அங்கல்லாம் அப்பிடித்தான். நீ கரண்டிய எடுத்தாத்தான் நாங்க சாப்புடவே ஆரம்பிக்கணும்."

அண்ணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷனோடு ஒரே நேரத்தில் சாப்பிட உட்காருவது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார். அண்ணனின் அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். தன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்.

முதலில் தம்ளரில் ரசம். அது முடிந்து பீன்ஸ் பொரியல் தனியாக. பிறகுதான் சோறும் கோழிக்குழம்பும். வெறும் பொரியலைச் சோறில்லாமல் சாப்பிடுவது கஷ்டமாக இருந்தது. அதைவிடக் கஷ்டமாக இருந்தது பேச்சு.

"பேசணும். அதான் முக்கியம். சாப்புட்டுக்கினே பேசணும்" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். யாருக்கும் ஒன்றும் வரவில்லை. மின்விசிறிச் சத்தம் கேட்டது. மகள் மட்டும் இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"பேசறதுக்கு இல்லாம இல்ல. பேசுனா சாப்புட முடியாது. அதான் பேசறதில்ல" என்றார் அண்ணி, தட்டைப் பார்த்தபடி.

"இப்ப இன்னா கொறச்சல் ஒனக்கு?"

"கொறச்சல் சொன்னனா? நெலமும் இல்ல. ஒங்கப்பா கால்ல புண்ணு ஆற மாட்டேங்குது. நீ ஆறு மாசம் போயிட்டு வந்து, அந்த மிஷினு வரலன்னா இன்னா பண்றது?"

"வராம எங்க பூடும்? எங்க கையாலயே கயட்டி எடுத்தாறப் போறோம்."

அண்ணி கரண்டியை எடுத்தார். எழுந்து எல்லார் தட்டிலும் சோறு போட ஆரம்பித்தார். அண்ணனும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

கம்பெனியில் அப்போது ஒரு பிரெஞ்சு எஞ்சினியர் இருந்தார். மெஷின் வருவதற்கான தயாரிப்பு வேலைக்காக அனுப்பப்பட்டவர். நாற்பது வயதைத் தாண்டியவர். கேண்டீனில் சாம்பார் சாதத்தை முள்கரண்டியால் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். பாஸ்போர்ட் எல்லாம் வந்த பிறகு, எங்கள் எட்டுப் பேரையும் மேடத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தங்கியிருந்த வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். மணிமங்கலம் போகிற வழியில், கல் நட்ட புது மனைகளுக்கு நடுவே தனியாக நின்ற வீடு. ஷேர் ஆட்டோவில் இஸ்திரி போட்ட சட்டையோடு போய் இறங்கினோம்.

வாசல்வரை வெங்காயமும் இறைச்சியும் வேகிற வாசனை வந்தது. அவரே சமைத்திருந்தார். கோழியை சிவப்பு ஒயினில் ஊறவைத்து, காளானும் கேரட்டும் போட்டு, காலையிலிருந்து சின்னத் தீயில் வேகவிட்டிருந்தார். முதலில் வராந்தாவில் நிலக்கடலையும் குடிக்க ஏதோ கொஞ்சமும் கொடுத்தார். இதுவும் சாப்பாட்டில் சேர்த்திதான், பசியைத் திறந்துவிடுவதற்கு என்று மேடம் விளக்கினார். எங்களுக்குப் பசி ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

படித்த எல்லாவற்றையும் அன்று செய்தோம். கைகளை மேசைமேல் வைத்தோம். ரொட்டியைப் பிய்த்துத் துணிமேல் வைத்தோம். சாலட் இலையைக் கத்தியால் வெட்டாமல் மடித்து வாயில் போட்டோம். தட்டில் மிஞ்சிய குழம்பை ரொட்டியால் துடைத்துத் தின்றால் சமைத்தவருக்குச் சந்தோஷம் என்று மேடம் சொன்னதும், அது எங்களுக்குச் சுலபமாக வந்தது. எஞ்சினியர் தன் அம்மா வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிப் பேசினார். அண்ணன் தம்பிகள் குழந்தைகளோடு வருவார்கள், மத்தியானம் உட்கார்ந்தால் வெளிச்சம் மங்கும்வரை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்றார். மேடம் தமிழில் சொல்லச் சொல்ல நாங்கள் தலையாட்டினோம். நாங்களும் பேசினோம். என் ஊர்க் கரிசலைப் பற்றிக்கூட நான் ஏதோ சொன்னேன். அந்த ஒன்றரை மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது.

சீஸ் வந்தபோது அண்ணன் கேட்டார். "மேடம், அங்க கம்பெனி கேண்டீன்ல எங்க கூட யாரு உக்காந்து சாப்புடுவாங்க? அந்த லைன்ல வேல செய்றவங்களா? அதயும் கேளுங்க."

மேடம் கேட்டார். எஞ்சினியர் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, நீளமாகப் பேசினார். மேடம் தம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்தார்.

"இன்னா மேடம் சொல்றாரு?"

"அந்த மெஷின் இங்க வந்துட்டா, அங்க அந்த லைனை மூடிடுவாங்களாம். உங்களுக்குச் சொல்லித்தரப் போறவங்களுக்குத்தான் வேலை போகப்போவுது. அது அவங்களுக்கும் தெரியுமாம். உங்க பக்கத்துல வந்து உக்காருவாங்களான்னு அவருக்குத் தெரியலியாம். அவரோட அண்ணனும் அந்த லைன்லதான் இருக்காராம்."

நாங்கள் எட்டுப் பேரும் அவரைப் பார்க்கவில்லை. அவரும் எங்களைப் பார்க்கவில்லை.

அண்ணன்தான் பேசினார். "இவருகிட்ட சொல்லுங்க மேடம். எங்க நெலத்த அளக்கறதுக்கு ஒருத்தன் செயின எடுத்துக்கினு வந்தான். நல்ல வெயிலு. எங்கம்மா அவனுக்கு மோரு கரைச்சிக் குடுத்துச்சி. அவன் மேல எங்களுக்கு இன்னா கோவம், அவன் இன்னா பண்ணுவான்."

மேடம் அதைச் சொன்னார். எஞ்சினியர் தலையை அசைத்தார். எழுந்து உள்ளே போய் இனிப்பை எடுத்துவந்தார். முட்டையும் பாலும் சேர்த்து, மேலே சர்க்கரையைக் கருக்கிச் செய்தது. எல்லோரும் சாப்பிட்டோம். பிறகு சின்னக் கோப்பைகளில் காப்பி வந்தது. படித்த வரிசையில் ஒன்றுகூடத் தவறவில்லை.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில், அப்படியென்றால் நான் போகவில்லை என்று யாரும் சொல்லவில்லை. சொல்கிற நிலைமையிலும் யாரும் இல்லை. தங்கச்சி கல்யாணம், வீட்டுக் கூரை, பெர்மனென்ட் என்ற வார்த்தை, ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று இருந்தது. "அவுங்களும் நம்மள மாரிதான்ப்பா" என்றார் அண்ணன். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. ஆட்டோ படப்பை வந்ததும் இறங்கிக்கொண்டோம்.

அதற்குப் பிறகு வகுப்பு பேருக்கு நடந்தது. மேடம் பழைய பாடத்தையே திருப்பிச் சொல்லிவிட்டு பஸ் நேரத்துக்குக் கிளம்பிவிடுவார். தாம்பரம் போய் ஆளுக்கொரு ஸ்வெட்டர் வாங்கினோம். விசா இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனது. பிறகு செய்தி கசிந்தது. அங்கே தொழிலாளர்கள் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவிடவில்லை என்றார்கள். எஞ்சினியர் சில நாள் யாரோடும் பேசாமல் நடமாடினார். கேண்டீனில் எங்களைப் போலவே அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். பிறகு லீவில் தன் ஊருக்குப் போனார். அவர் மேசைக்கு அதன் பிறகு யாரும் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை டிரெய்னிங் அறையில் காத்திருந்தோம். எச்.ஆர். ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, "கிளாஸ் இனிமே கிடையாதுப்பா, லைனுக்குப் போங்க" என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். ஏன் என்று கேட்கிற இடம் அது இல்லை.

அடுத்த வாரம் மேடம் தன் சாமான்களை எடுத்துப்போக வந்தார். தட்டுகளைப் பழைய பேப்பரில் சுற்றி நானும் அண்ணனும் பெட்டியில் அடுக்கினோம். கேட்வரைக்கும் அண்ணன் பெட்டியைத் தூக்கிவந்தார். பஸ்ஸுக்காக நின்றபோது கேட்டார்.

"மேடம், அவுங்க வேலயாச்சும் தப்பிச்சுதா?"

"இல்ல. அந்த மெஷின் வேற ஏதோ நாட்டுக்குப் போகுதாம். அங்கயும் மூடறாங்க."

"அப்ப யாருக்குமே இல்லியா?"

"யாருக்கோ இருக்கும். நமக்குத் தெரிஞ்சவங்க யாருக்கும் இல்ல" என்றார் மேடம். அவருக்கும் கையில் இருந்த வேலை இது ஒன்றுதான் என்றார். பாண்டிச்சேரியில் இனி யார் இதைக் கேட்டு வரப்போகிறார்கள் என்றும் சொன்னார். பஸ் வந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் பெட்டியை வைக்க இடம் கேட்டுக் கெஞ்ச வேண்டியிருந்தது.

மெஷின் வராத யூனிட்டுக்கு ஆள் எதற்கு? முதலில் டிரெய்னிகளை நிறுத்தினார்கள். எட்டுப் பேரும் ஒரே நாளில் ஐ.டி. கார்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றோம். போட்டோ எடுக்கலாமா என்று ஒருவன் கேட்டான். யாரிடமும் கேமரா இல்லை. ஒவ்வொருவராகக் கலைந்தோம்.

எனக்கு மறைமலை நகரில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. வருஷம் முடிவதற்குள் நிறுத்திவிட்டு மறுபடி புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். அப்படியே இரண்டு மூன்று முறை சேர்ந்தேன். ரூமை மட்டும் மாற்றவில்லை.

ஒரு நாள் காலையில் படப்பை ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரகடத்து அண்ணனைப் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தார். தாடி நரைக்கத் தொடங்கியிருந்தது.

"என்னண்ணே, எப்படி இருக்கிய?"

"கீறேன்ப்பா." அப்பா காலை எடுத்தும் பிழைக்கவில்லை என்றார். அண்ணி தாம்பரம் பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போகிறாராம். இவர் லோடு ஏற்றுகிற வேலைக்குப் போகிறார், அதுவும் கூப்பிடுகிற நாளைக்கு மட்டும்.

"ஒங்க கம்பெனில எதுனா கீதா?" என்று கேட்டார்.

"கான்ட்ராக்ட்ல எடுக்காங்கண்ணே. ஆனா இருபத்தஞ்சு வயசுக்கு மேல வேண்டாங்கான்."

"மிஷின் வேல தெரியும்னு சொல்லிப்பாரு."

"அவனுக்கு வேல தெரிஞ்ச ஆளு வேண்டாம்ண்ணே. சின்னப் பையந்தான் வேணும்."

அவர் சரி என்பதுபோலத் தலையாட்டினார். மகள் எந்த வகுப்புப் படிக்கிறாள் என்று கேட்டேன். சொன்னார். ஆட்டோ வந்தது. பின்னால் இடமில்லாததால் டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தெரிய உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சொல்லிப்பாருப்பா" என்றார் மறுபடியும்.

நான் சொல்லிப் பார்த்தேன். கான்ட்ராக்டர் வயதை மட்டும் கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.